நுனி மாறிய வெள்ளி இலை

"ராஜா எடக்கையிலதான் சாப்புடுவாருங்களா?" என்று பென்னி கேட்டான்.

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் மாட்டியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை. மணியங்கோட்டை சமஸ்தானத்தின் கடைசி ராஜா, பட்டம் சூடிய நாளன்று, விருந்துக்கு உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளியில் செய்த வாழையிலை. கவளம் இடது கையில் இருந்தது.

"அவர் எந்தக் கையில சாப்பிட்டா உனக்கென்ன? இங்க வா," என்றாள் காவேரி.

காவேரிக்கு நாற்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சேலத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடம் ஆகிறது. பென்னி அவளிடம் வேலைக்கு வருவதற்கு முன்பு சேலம் – மாரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஆள் ஏறும்போதே எங்கே இறங்குவான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். அந்த ஒரு தகுதிக்காகத்தான் காவேரி அவனைச் சேர்த்துக்கொண்டாள். அவனுடைய வாய் இலவச இணைப்பு.

ஏற்காட்டில் இருந்த அந்தப் பங்களாவின் சாப்பாட்டு அறையில் சமஸ்தானத்தின் விருந்துக் கலங்கள் நீளமான மேஜையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பன்னீர்ச் செம்புகள், சந்தனக் கிண்ணங்கள், யானைத் தலை வைத்த பாயசக் கெண்டி, தாம்பூலத்துக்கான பொன்முலாம் தட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த இலை. ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நிஜ இலையின் அளவு. நடு நரம்பில் தங்கம் ஓடியது. மேல் விளிம்பில் தோகையை மடித்து நின்றது சமஸ்தானத்து மயில். புது ராஜா பட்டத்துக்கு வரும் அன்று ஒரு வேளை மட்டும் அதில் சாப்பிடுவாராம்.

"இந்த ஞாயித்துக்கிழமை பங்களாவை ஹோட்டலாத் திறக்கறோமுங்க," என்றான் லோகேஷ். சமஸ்தானத்தின் வாரிசு. வேலைக்காரர்களுக்குச் சின்னராஜா. "இந்த மேஜைதான் வர்றவங்க பாக்கப்போற முதல் காட்சி. போன வாரம் மதிப்புப் போட மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. மத்ததெல்லாம் அசல். இலை மட்டும் பித்தளைக்கு வெள்ளிப் பூச்சுன்னுட்டாரு. யாரோ மாத்திட்டாங்க."

காவேரி இலையை மயில் நிமிர்ந்து நிற்கும்படி திருப்பி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பென்னி, உட்கார். சாப்பிடு."

"வெறும் இலையிலயா மேடம்? சம்பளந்தான் குறைவுன்னு நெனச்சேன்."

"உப்பு எங்க வைப்பாங்க? காட்டு."

பென்னியின் கை பழக்கத்தில் இடது மேல் மூலைக்குப் போனது. அங்கே இலையின் அகலமான பக்கம் இருந்தது. கை நின்றது.

"நுனி வலப்பக்கமில்ல இருக்குது? இப்படி இலை போட்டா எங்க சித்தி கரண்டியோட வந்துருவாங்க."

"அதேதான்," என்றாள் காவேரி. "நுனி சாப்பிடறவங்களோட இடப்பக்கம் வரணும். ராஜாவுக்குச் செஞ்ச ஆசாரி இதுல தப்புப் பண்ணியிருக்க மாட்டான். போலியைச் செஞ்சவனுக்கு வாழையிலையில சாப்பிட்டுப் பழக்கமில்லை. அவன் கையில ஒரு படம் இருந்திருக்கு. அந்தப் படத்துல இடம் வலமா மாறியிருக்கு. கண்ணாடியில பாக்கற மாதிரி."

லோகேஷ் மெல்லக் கேட்டான். "செல்ஃபிங்களா?"

"போன்ல முன்பக்கக் கேமரா அப்படித்தான் எடுக்கும். இதெல்லாம் பூட்டி வெச்சிருக்கற வெள்ளி அறைக்குள்ள யார் யார் போவாங்க?"

"நான், அம்மா. அப்புறம் பாத்திரம் தொடைக்கற ஈவ்லின். உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்."

"மாரமங்கலத்து ஈவ்லினா?" பென்னியின் முகம் மாறியது. "அது பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து என் பஸ்ஸுல வந்த புள்ளைங்க மேடம். கூட்டத்துல நான் டிக்கெட் கேக்க மறந்தாலும் தேடி வந்து காசு கொடுக்கும்."

"முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுக்கலாம் பென்னி. கேஸ் முடிக்க முடியாது."

ஈவ்லினோடு மற்ற வேலைக்காரர்கள் எட்டுப் பேரையும் அறைக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். சமையல்கட்டு ஆட்கள், தோட்டக்காரர்கள், வாட்ச்மேன் சித்தன். கடைசியில் ஈவ்லின். முப்பது வயதிருக்கும். நீலநிறச் சீருடைச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது. காவேரிக்கு அது தோன்றவில்லை. கேள்வி நாக்கின் நுனியில் இருந்தது. கேட்க ஆட்களும் இருந்தார்கள்.

"உன் போனைக் கொஞ்சம் தர்றியா?"

ஈவ்லின் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். காவேரி வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய படங்களில் அது இருந்தது. பச்சைச் சேலை கட்டி, வெள்ளி இலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் ஈவ்லின். மயில் மேலே. நுனி வலப்பக்கம்.

"இது என்ன?"

"அம்மாவுக்குக் காட்டலாம்னு எடுத்தனுங்க. ஒண்ணே ஒண்ணுதான். தப்புத்தானுங்க."

காவேரி போனை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினாள். "நுனி எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் போலி இலை செஞ்சிருக்காங்க. யாருக்கு அனுப்பினே?"

"யாருக்கும் அனுப்பலைங்க."

"படமே சொல்லுதே, ஈவ்லின்."

அறையில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். காவேரிக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் கேஸ் முடிந்துவிட்டது என்று அவள் அந்த நிமிஷம் நினைத்தாள். பிறகு எத்தனையோ நாள் அந்த நினைப்பு திரும்ப வந்து அவளைக் கூசவைத்தது.

லோகேஷ் வாசலைக் காட்டினான். "இன்னையோட நின்னுக்க. போலீஸ் விசயத்தை அப்புறம் பாத்துக்கலாம். சித்தா, பையைப் பாத்து அனுப்பு."

கேட் அருகே சித்தன் பையிலிருந்ததைச் சிமென்ட் திண்டின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். குடை. சீப்பு. ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு எழுதி வைத்த தாள். டிபன் பாக்ஸ்.

"அதையும் தொறந்து பாரு," என்று லோகேஷின் குரல் வராந்தாவிலிருந்து வந்தது.

சித்தன் திறந்தான். உள்ளே சாப்பிடாத எலுமிச்சைச் சோறு. "மன்னிச்சுக்க சாமி," என்று அவன் ஈவ்லினிடம் முணுமுணுத்தது ஐந்தடி தள்ளிக் கார் அருகே நின்ற காவேரிக்குக் கேட்டது. போதும் என்று அவள் சொல்லியிருக்கலாம். இலையை டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கடத்த முடியாது என்பதைச் சொல்லத் துப்பறியும் மூளை தேவையில்லை. அவள் கார்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே உட்கார்ந்தாள்.

ஈவ்லின் எல்லாவற்றையும் திரும்பப் பையில் அடுக்கினாள். யாரையும் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.

*

ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்கில் இருந்த மெஸ்ஸில் பென்னி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"என்ன, ரசத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"மேடம், அந்தப் படம் உங்க போன்ல இருக்குதுங்களா?"

"ஆதாரத்துக்கு அனுப்பி வெச்சிருக்கேன்."

"பாத்துச் சொல்லுங்க. முந்தானை எந்தத் தோள்ல இருக்குது?"

காவேரி போனை எடுத்தாள். "இடது தோள்லதான். எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?"

"போடறது அப்படித்தான். நானும் என் ஊட்டுக்காரியும் செல்ஃபி எடுத்தா முந்தானை வலது தோளுக்குப் போயிருமுங்க. வடக்கத்திக்காரி மாதிரி இருக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் என்னையத்தான் திட்டுவா. எல்லா போனும் அப்படித் திருப்பறதில்லையாம். என் போன் திருப்பும். ஈவ்லின் போன் திருப்பலை."

காவேரி படத்தை விரலால் பெரிதாக்கினாள். முந்தானை இடது தோளில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அப்படியென்றால் படம் மாறவில்லை. படம் மாறவில்லை என்றால், ஈவ்லின் நெஞ்சோடு பிடித்திருந்த இலையின் நுனி நிஜமாகவே வலப்பக்கம்தான் இருந்திருக்கிறது.

அவள் பிடித்திருந்தது அப்போதே போலி இலை.

படத்தின் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பர். காவேரி லோகேஷுக்கு போன் செய்து ஈவ்லின் எப்போது வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேட்டாள். அதே டிசம்பர். படம் எடுத்தது நான்காம் நாள். நான்கு நாளில் யாரும் ஒரு வெள்ளி இலைக்குப் போலி செய்துவிட முடியாது.

"அவளைக் காப்பாத்தற படத்தைத்தான் நான் அவளுக்கு எதிராத் தூக்கிக் காட்டியிருக்கேன்," என்றாள் காவேரி. சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். "நீ இதை அங்கயே கவனிச்சியா?"

"இல்லைங்க. கார்ல வர்றப்பத்தான் தோணுச்சு. அங்கயே தோணியிருந்தா உங்க வாயைப் பொத்தியிருப்பேன். வேலை போனாப் போகுதுன்னு."

அவன் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

காவேரி கை கழுவிவிட்டு வந்து நின்றாள். "பென்னி, காலையில உள்ள நுழைஞ்சதும் நீ ஒரு கேள்வி கேட்டே."

"எடக்கை ராஜாவா?"

"எந்த ராஜாவும் பட்டம் கட்டின அன்னைக்கு நாலு பேர் முன்னாடி எடக்கையில சாப்பிட மாட்டார். அந்தப் புகைப்படம் திருப்பிப் பிரிண்ட் போட்டது. ஸ்டுடியோக்காரன் நெகட்டிவை மாத்தி வெச்சுட்டான். அதுல இலையும் இடம் வலமா மாறியிருக்கும். முதல் நிமிஷத்துலயே நீ சொல்லிட்டே. நான்தான் காதுல போட்டுக்கலை."

*

பங்களாவுக்குத் திரும்பியதும் பென்னி நாற்காலி மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினான். லோகேஷ் புரியாமல் பார்த்தான்.

"இந்தப் படம் எப்பவும் இங்கதான் இருக்குங்களா?" என்று காவேரி கேட்டாள்.

"இல்லீங்க. போன வருஷம் பெயின்ட் அடிச்சப்பதான் இங்க மாட்டினோம். அதுவரைக்கும் அம்மா ரூம்ல இருந்துச்சு. ஏனுங்க?"

"உங்க அம்மாவைப் பாக்கணும். தனியா."

மாடி அறையில் ராணியம்மா லட்சுமி ஜன்னலோர நாற்காலியில் கம்பளிச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். காவேரியின் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"உக்காரு," என்றாள்.

காவேரி நின்றுகொண்டே இருந்தாள்.

"லோகேஷோட அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போச்சு. பதினாலு வருஷம் ஆவுது. லோகேஷ் வெளிநாட்டுல படிச்சிட்டிருந்தான். சமஸ்தானம்னு பேருதான் நொம்பப் பெருசு, ஊட்டுல ஒண்ணுமில்லை. இலையை வாங்கறதுக்கு ஒரு ஆள் வந்தான். வந்த அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டான். அவரும் பொழைக்கலை." ராணியம்மா சால்வையின் ஓரத்தை மடித்தாள். "மகன் வந்து கேட்டா என்ன சொல்றது? இந்தப் போட்டோவை வடக்க ஒரு பட்டறைக்கு அனுப்பிச் செஞ்சு வாங்கினேன். பிரிச்சதுமே தெரிஞ்சுது, நுனி மாறியிருக்குதுன்னு. திருப்பி அனுப்பத் தைரியம் வரலை. யாரு இனி அதுல சாப்புடப்போறாங்கன்னு உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

ஜன்னலுக்குக் கீழே கேட் தெரிந்தது. சித்தனின் சிமென்ட் திண்டு தெரிந்தது.

"காலையில இங்கதான் உட்கார்ந்திருந்தீங்களா?" என்று கேட்டாள் காவேரி.

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." ராணியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கார்கிட்ட நின்னுட்டிருந்தே. அந்தப் புள்ளையோட டிபனைத் தொறந்தப்ப நீ கார்க்குள்ள ஏறி உக்காந்தே. அதையும் நான் பாத்தேன்."

இருவரும் அந்தத் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

மாரமங்கலத்தில் ஈவ்லினின் வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் சீருடையைக் கழற்றி மடித்துக் கயிற்றுக் கட்டிலில் வைத்திருந்தாள். கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. பென்னியைப் பார்த்ததும் "வாங்கண்ணா," என்றாள். காவேரியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

காவேரி நடந்ததைச் சொன்னாள். முந்தானை, தேதி, புகைப்படம், எல்லாம். ராணியம்மாவின் கதையையும் சொன்னாள். "நீங்க ஒரு தப்பும் பண்ணலை. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ஈவ்லின் குனிந்து மிளகைக் கையால் பரப்பினாள்.

"நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ள சேதி எனக்கு முன்னாடி ஊருக்கு வந்துருச்சுங்க. ராஜா ஊட்டு வெள்ளியை எடுத்துட்டாளாம்னு. பஸ்ஸை விட்டு எறங்கறேன், கடையில பேசிட்டிருந்தவங்க எல்லாரும் பேச்சை நிறுத்தறாங்க. எங்க அம்மா சோறு ஆக்கலை." அவள் குரல் உயரவில்லை. "இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா, அது யாருக்குங்க கேக்கும்? நீங்க சொன்னது எட்டுப் பேரு முன்னாடி."

"புரியுது."

"அதே எட்டுப் பேரு முன்னாடி சொல்லுங்க. நான் நாளைக்கு வர்றேன்."

திரும்பும் வழியில் பென்னி காரை ஓட்டினான். கார் காப்பித் தோட்டங்களைத் தாண்டியது.

"லோகேஷ் ஒத்துக்க மாட்டாருங்க மேடம். ராணியம்மா பேரு வெளியே வரும்."

"அவர் ஒத்துக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்லை. சொன்னது நான்."

*

பென்னி சொன்னது போலவே ஆயிற்று. மறுநாள் காலையில் லோகேஷ் காவேரியைத் தனியே கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது. இரவே அம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணுக்கு வேலையைத் திரும்பக் கொடுத்துடறேனுங்க. எல்லாரையும் கூட்டி வெச்சுப் பேச வேண்டாம். குடும்ப மானமுங்க."

"நேத்து அவங்க குடும்பத்துக்கும் அது இருந்துச்சு," என்றாள் காவேரி.

எட்டுப் பேரும் அதே அறையில், அதே மேஜைக்கு அப்பால் நின்றார்கள். ஈவ்லின் தன் சொந்தச் சேலையில் வந்திருந்தாள். சீருடையைக் காகிதத்தில் சுற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

காவேரி இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களை ஆரம்பித்தாள். "நேத்து இங்க ஒரு தவறு நடந்துடுச்சு. விசாரணையில சில விஷயங்கள் சரியாப் பார்க்கப்படலை. அதனால–"

"மேடம்," என்றாள் ஈவ்லின்.

காவேரி நிறுத்தினாள்.

"நடந்துருச்சுன்னு சொல்லாதீங்க. மழை பேஞ்ச மாதிரி இருக்குது. யாரு பண்ணினதுன்னு சொல்லுங்க."

காவேரிக்குக் காது மடல் வரை சுட்டது. பத்து வருடமாக அவள் எழுதிய எல்லா ரிப்போர்ட்டுகளும் அந்த நடையில்தான் இருந்தன. கண்டறியப்பட்டது, கருதப்பட்டது, முடிவு செய்யப்பட்டது. யாரும் எதையும் செய்யாத நடை.

"நான் தப்புப் பண்ணினேன்," என்றாள். எட்டுப் பேரையும் பார்த்து மறுபடி சொன்னாள். "நான் தப்புப் பண்ணினேன். ஈவ்லின் எதையும் எடுக்கலை. யாருக்கும் எதையும் அனுப்பலை. அவங்க படத்தை நான் ஒழுங்காப் பாக்காம அவங்களைத் திருடின்னு உங்க முன்னாடி சொன்னேன். சீக்கிரம் முடிச்சுட்டேன்னு பேர் வாங்கறதுக்காகச் சொன்னேன். கேட்ல பையைப் பிரிச்சப்ப தடுக்கலை. என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மாடிப்படியில் காலடி கேட்டது. ராணியம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். லோகேஷ் எதிரே போனான். அவள் அவன் கையை விலக்கினாள்.

"இலையை வித்தது நான்," என்றாள், கடைசிப் படியில் நின்றபடி. "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி. நேத்து தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

லோகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பையைப் பிரிக்கச் சொன்னது நானுங்க," என்றான், ஈவ்லினிடம். முதல் தடவையாக அவளிடம் 'ங்க' போட்டுப் பேசினான்.

ஈவ்லின் காவேரிக்குப் பதில் சொல்லவில்லை. ராணியம்மாவுக்கும் சொல்லவில்லை. வேலைக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்களா?"

சித்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "கேட்டுச்சு சாமி." பின்னாலிருந்து மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"ஊருல கேட்டா இதையே சொல்லுங்க," என்றாள்.

"நாளையில இருந்து வந்துருங்க," என்றான் லோகேஷ்.

"யோசிச்சுச் சொல்றனுங்க." குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். எப்போதும் சமையல்கட்டு வழியாகப் போகிறவள், முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

காவேரியும் பென்னியும் கிளம்ப அரை மணி ஆனது. ஒண்டிக்கடையில் மாரமங்கலம் பஸ்ஸுக்காக ஈவ்லின் நின்றுகொண்டிருந்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளுடைய குடைக்குள் நுழைந்து ஏதோ கேட்க, ஈவ்லின் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பென்னி வேகத்தைக் குறைத்தான். "நிறுத்தட்டுங்களா மேடம்? கொண்டுபோய் விட்டுட்டு வந்துரலாம்."

காவேரி கண்ணாடி வழியே பார்த்தாள். ஈவ்லினும் காரைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. பேச்சைத் தொடர்ந்தாள்.

"வேண்டாம்," என்றாள் காவேரி. "அவங்க பஸ்ஸுலயே போகட்டும்."